மலையில் கடல்பாசி உறையாத கதை

ஊட்டியிலிருந்து:
கடலோரக் கீழக்கரையில் உம்மா காய்ச்சும் கடல்பாசி (அகர் அகர், சைனா கிராஸ்) ஒருநாளும் தவறியதில்லை. கல்யாணமாகி இங்கே வந்த முதல் நோன்பிலேயே என் மானம் போனது. அங்கே போலவே கொதி வந்து ஐந்து நிமிடத்தில் இறக்கினேன். பாதிப் பாசி வடிகட்டியில் கண்ணாடி நூலாகத் தங்கிவிட்டது. வடிந்தது தொட்டாலே குலைந்தது. மறுநாள், சீக்கிரம் கரையட்டும் என்று கொதிக்கும்போதே எலுமிச்சை பிழிந்தேன். கரைந்தது, ஆனால் உறையவே இல்லை. நோன்பு திறக்க வந்தவர்கள் டம்ளரில் ஊற்றிக் குடித்தார்கள்!

குன்னூரிலிருந்து:
அக்கா, இரண்டு நாளும் இரண்டு வேறு தப்பு. கடல்பாசியை உறையவைப்பது, சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த கிளையில்லாத நீளமான சங்கிலிகள். காய்ந்த பாசியில் அவை இறுகப் பின்னிக் கிடக்கும். பிரிய நல்ல சூடு வேண்டும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு ஏற்றினாலும் அதற்கு மேல் போகாது. அதனால் முதலில் ஊறவையுங்கள், நூல் கண்ணில் படாமல் போகும்வரை கொதிக்க விடுங்கள். ஆறி 40 டிகிரிக்குக் கீழே வரும்போது சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்ளும், முறுக்குகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து வலையாகும், தண்ணீர் அதில் மாட்டிக்கொள்ளும். 100 கிராம் தண்ணீரைப் பிடித்து நிறுத்த 1 கிராம் பாசி போதும் என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். ஆனால் ஒரே சங்கிலி பல இடங்களில் பின்னினால்தான் வலை. கொதியில் புளிப்பு பட்டால் சங்கிலி துண்டு துண்டாக அறுந்துவிடும். துண்டுக் கயிற்றில் வலை பின்ன முடியுமா? பாசியை அடுப்பிலிருந்து இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு எலுமிச்சை பிழியுங்கள்.

கொடைக்கானலிலிருந்து:
இப்போதுதான் என் பிளம்ஸ் ஜாம் புரிகிறது. 105 டிகிரியில் இறக்கு என்று எழுதியிருந்ததை நம்பி, தெர்மாமீட்டரைப் பார்த்தபடியே காய்ச்சி அடிப்பிடிக்க விட்டேன். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட நாலைந்து டிகிரி கூட என்பதுதான் கணக்காம். இங்கே 97, 98 போதும். அப்புறம், ஜாமை உறையவைப்பது பழத்தில் உள்ள பெக்டின் சங்கிலி; கனிந்து குழைந்த பழத்தில் அது ஏற்கெனவே சிதைந்திருக்கும். நான் இப்போது கால்பங்கு செங்காயாகச் சேர்க்கிறேன்.

மீண்டும் ஊட்டியிலிருந்து:
நேற்று இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். கத்தி வைத்தால் சதுரமாக வெட்டுப்பட்டது. உம்மாவுக்குப் போன் போட்டு சங்கிலி, முறுக்கு எல்லாம் விளக்கினேன். "அதெல்லாம் இல்ல, அந்த ஊர்த் தண்ணி சரியில்ல" என்கிறார்.