குக்கர் லைனில் எதை முதலில் சரிசெய்வது? ஆர்.பி.என். எண்ணை நம்பலாமா?

லேத்துப்பட்டறை: அலுமினிய குக்கர் லைனுக்கு எஃப்.எம்.இ.ஏ. (எது எப்படிப் பழுதாகும், விளைவு என்ன என்று முன்கூட்டியே பட்டியலிடும் ஆய்வு) போடும்போது தீவிரம், நிகழ்வு, கண்டறிதல் (கண்டுபிடிப்பது கடினமானால் மார்க் கூடும்) மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மார்க் போட்டுப் பெருக்கினால் வருவது ஆர்.பி.என்., அதாவது ரிஸ்க் வரிசை எண்; வெளிப்பக்கக் கீறல் 3×6×6 = 108. வெயிட் உட்காரும் நீராவிக் குழாயில் அடைப்பு 9×2×5 = 90. 100-ஐத் தாண்டினால்தான் நடவடிக்கை என்று கோடு போட்டிருக்கோம். ஆள் குறைவு, அதனால் கீறல்தான் முதலில். இதில் என்ன தப்பு?

கேஜ்பின்: கீறலுக்கு வாங்கினவர் முகம் சுளிப்பார். குழாய் அடைத்து, சேஃப்டி வால்வும் அந்த நேரம் உருகாமல் போனால் மூடி கூரைக்குப் போகும். இரண்டையும் ஒரே தராசில் எப்படி நிறுத்துவீங்க? வாகனத் துறையின் ஏ.ஐ.ஏ.ஜி.-வி.டி.ஏ. கையேடு 2019-இலேயே இந்தப் பெருக்கலை விட்டுவிட்டு, தீவிரத்தை முன்னால் வைத்து உயர், நடு, தாழ் என்று பிரித்தாச்சு.

லேத்துப்பட்டறை: அந்த அட்டவணையிலும் 9, 2, 5-க்கு 'நடு'தான் சார் வருது! தீவிரத்தை மட்டும் பார்த்தால் கேஸ்கெட், மூடிக் கொக்கி, கைப்பிடி ஸ்க்ரூ எல்லாமே 9. எதை முதலில் தொடுவது?

கேஜ்பின்: 9-க்குள்ளே நிகழ்வைப் பார்த்து, அடுத்து கண்டறிதலைப் பார்த்து வரிசைப்படுத்துங்க. அதுக்கு முன்னாடி, அந்த 5 எங்கிருந்து வந்தது? குழாயை மாட்டிய பிறகு மூடி பஃபிங் (சக்கரத்தில் பளபளப்பாக்குவது) போனால், பாலிஷ் சோப்பும் பஞ்சுத்தூளும் சேர்ந்து துளைக்குள் களிம்பா இறுகும். பச்சைத் தண்ணீரில் கழுவினால் கரையாது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற சோதனைக்கு 8 போடணும்; 9×2×8 = 144, உங்க கோட்டையே தாண்டுது. நிகழ்வு 2 என்பதும் ரிஜெக்ட் கணக்கில் எடுத்ததுதானே? கண்ணில் படாத அடைப்பு அந்தக் கணக்கில் ஏறவே ஏறாது.

லேத்துப்பட்டறை: சரி, அந்த 5 தப்புதான். ஒவ்வொரு மூடிக்கும் பின் கேஜ் (துளை அளவு பார்க்கும் கம்பி) விட்டால் போதுமா?

கேஜ்பின்: அந்தக் கம்பி களிம்பைத் துளைச்சுக்கிட்டுப் போயிடும், சுவரில் ஒட்டினது அப்படியே இருக்கும். குறிப்பிட்ட அழுத்தத்தில் காற்று விட்டு ஓட்டத்தை அளங்க. அதைவிட, பஃபிங் முடிந்த பிறகு குழாயை மாட்டுங்க. வரிசை மாறுது, அவ்வளவுதான்.

டைசெட்டர்: ரெண்டு பேரும் மூடியை அழுத்தி வடிவமைக்கிற அச்சை, அதாவது டையை மறந்துட்டீங்க. ஒரே ஒரு டை. அதில் தகட்டை அழுத்துகிற பஞ்ச் உடைந்தால் வாங்குபவருக்கு ஆபத்து எதுவும் இல்லை, அந்தக் கணக்கில் தீவிரம் சொற்பம். ஆனால் லைன் படுத்துடும். இதை எஃப்.எம்.இ.ஏ.வில் திணிக்காதீங்க. தனித்தாளில் இரண்டு எண் போதும்: புது பஞ்ச் வர எத்தனை நாள், கையில் இருக்கிற மூடி எத்தனை நாளுக்கு. முதல் எண் பெரிசா இருந்தால் இன்றைக்கே உபரி பஞ்ச் ஆர்டர்.

லேத்துப்பட்டறை: அது சரி அண்ணே. குழாய் விஷயத்தில் ஒரு சிக்கல்: எங்க மூடியில் குழாயை ரிவெட் அடிக்கிறாங்க, அந்தத் தடத்தைக் கடைசியில் பஃபிங்தான் மறைக்கும். வரிசையை மாத்த முடியாது.

கேஜ்பின்: அப்போ துளைக்கு சிலிக்கோன் தொப்பி மாட்டிட்டு பஃபிங் விடுங்க, சாதா ரப்பர் அந்தச் சூட்டுக்குத் தாங்காது. தொப்பி கண்ணைப் பறிக்கிற சிவப்பில் இருக்கட்டும், கழட்ட மறந்தால் பேக்கிங்கில் தெரியணும்.