டிராயிங்ல வியூவை கிராப் பண்ணலாமா, கூடாதா?

புதுசு_டிராஃப்டர்:
எல்லாருக்கும் வணக்கம். சாலிட்வொர்க்ஸ்ல (3டி டிசைன் சாஃப்ட்வேர்) ஒரு பேஸ் பிளேட் டிராயிங், நீளம் 1450 மில்லி. ஏ3 ஷீட்ல 1:5 ஸ்கேல் போட்டா 290 வருது, அழகா உக்காந்துடுது, ஆனா ஒரு ஓரத்துல இருக்கிற 8 ஹோலும் எறும்பு மாதிரி தெரியுது. 1:2 போட்டா 725, ஷீட்டை விட்டே ஓடிடுது. அதனால 2வது ஷீட்ல அந்த ஓரத்தை மட்டும் 1:2ல கிராப் பண்ணி, அதாவது மத்ததை மறைச்சு, வெச்சேன். எங்க சீனியர் பாத்துட்டு கிராப்லாம் எங்கிட்ட கொண்டு வராதேன்னு திருப்பி அனுப்பிட்டாரு, காரணமும் சொல்லல. இதுல என்ன தப்பு?

ஓசூர்_மில்லிங்:
உங்க சீனியர் எங்கயோ சூடு பட்டிருக்காரு தம்பி. நானும் பட்டிருக்கேன், சொல்றேன் கேளுங்க. இதே மாதிரி ஒரு பிளேட்டு, டிசைனர் செவ்வகமா ஒரு பெட்டி போட்டு கிராப் பண்ணிட்டாரு, அந்தப் பெட்டியோட கோடு பார்ட்டோட எட்ஜ் எந்த தடிமன்ல இருக்கோ அதே தடிமன்ல பிரிண்ட் ஆகி வந்துச்சு. யாரோ வாட்ஸப்புல 2வது ஷீட்டை மட்டும் அனுப்பிட்டாங்க. எங்க ஷாப்பு பையன் பாத்தான், நாலு பக்கமும் கோடு இருக்கு, முழு பிளேட்டுன்னு நெனச்சுட்டான். கடைசி ஹோல்ல இருந்து அந்தக் கோட்டுக்கு டைமென்ஷன் (அளவு) இல்ல, ஸ்கேல் வெச்சு அளந்தான், 22, ஷீட்ல 1:2ன்னு இருக்கு, அப்ப 44. வெட்டிட்டான். 5 பிளேட். 12 எம்எம் மைல்டு ஸ்டீல். அன்னைக்கு சாயந்திரம் யாரும் டீ குடிக்கல.

அம்பத்தூர்_கேட்:
அண்ணே, இதுல கிராப் என்ன பாவம் பண்ணுச்சு? பிரிண்ட்டை அளக்காதேன்னு ஷீட் மூலையில இருக்கிற டைட்டில் பிளாக்லயே போட்டிருப்பாங்க, உங்க பையன் அளந்தான். ரெண்டு ஷீட்ல ஒண்ணை மட்டும் அனுப்பினாங்க. ரெண்டு பேரும் பண்ணின தப்பை வியூ தலையில கட்டுறீங்க. கிராப் பண்ணா மாடல்ல ஒரு கோடு கூட குறையாது, ரைட் கிளிக் பண்ணி ரிமூவ் கிராப் குடுத்தா முழு வியூ அப்படியே திரும்ப வந்துடும்.

ஓசூர்_மில்லிங்:
ரைட் கிளிக் பண்ண எங்க ஷாப்புல சாலிட்வொர்க்ஸ் எங்க தம்பி இருக்கு? எங்களுக்கு வர்றது எண்ணெய் கறை படிஞ்ச பேப்பர். ஷீட்டு தனியா போகத்தான் செய்யும், யாரு தடுக்க முடியும். தனியா போனாலும் அது பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் நான் கேக்கறது. டீடெயில் வியூ, அதாவது ஒரு இடத்தை மட்டும் வட்டம் போட்டு பெருசாக்கிக் காட்டற வியூ போட்டா, டீடெயில் ஏ, ஸ்கேல் 1:2ன்னு கீழயே எழுதி வரும், ஓ இது ஒரு துண்டுதான்னு பையனுக்கே புரியும், மத்ததை எங்கன்னு ஃபோன் போட்டு கேப்பான்.

அம்பத்தூர்_கேட்:
எல்லாத்துக்கும் டீடெயில் போட்டா ஷீட் பூரா வட்டமும் எழுத்துமா அம்மை போட்ட மாதிரி ஆயிடும். அதுவும் இல்லாம பாதியை மட்டும் காட்டுறது நாம கண்டுபிடிச்சதா என்ன? காலேஜ்ல எஸ்பி 46 (இந்திய டிராயிங் விதிப் புத்தகம்) படிச்சோமே, சிமெட்ரிக்கா இருக்கிற பார்ட்டை பாதி வரைஞ்சு சென்டர் லைனோட ரெண்டு முனையிலயும் சின்னதா ரெண்டு ரெண்டு கோடு போட்டா முழு பார்ட்டுன்னு அர்த்தம். கிராப் கூடாதுன்னா அதுவும் கூடாதா?

போர்டு_காலத்து_ஆளு:
தம்பி, நீங்களே உங்க கேள்விக்கு பதில் சொல்லிட்டீங்க, கவனிக்கல. அங்க பாதி வரையறது பிரச்சினை இல்ல, அந்த ரெண்டு சின்ன கோடு இருக்கறதாலதான் அது செல்லும். பார்ட்டோட ஒரு பகுதியை மட்டும் காட்டற பார்ஷியல் வியூவுக்கும் அதே கதைதான், சர்வதேச டிராயிங் விதி ஐஎஸ்ஓ 128 எடுத்தாலும் எஸ்பி 46 எடுத்தாலும் வியூவை எங்க அறுக்கறீங்களோ அங்க மெல்லிசா கையால இழுத்த மாதிரி நெளிஞ்ச கோடு, இல்லன்னா ஜிக்ஜாக் கோடு. நாங்க போர்டுல டிராஃப்டர் கருவி வெச்சு வரைஞ்சப்ப அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் ஸ்கேலை கீழ வெச்சுட்டு வெறும் கையால இழுப்போம், நேரா வந்துட்டா வாத்தியார் அழிக்கச் சொல்லுவாரு. பார்ட்டு இங்க முடியல, நான்தான் நிறுத்திட்டேன்னு அந்த நெளிவு சொல்லணும். இப்ப செவ்வக டூல் பக்கத்துலயே இருக்குன்னு பெட்டி போட்டுடறீங்க.

அம்பத்தூர்_கேட்:
சரி சார், பெட்டி தப்புதான், ஒத்துக்கறேன். நான் ஸ்ப்லைன்ல, அதாவது நெளிஞ்ச வளைகோட்டுல, சுத்தி போட்டுத்தான் கிராப் குடுப்பேன், லைன் தடிமனையும் குறைச்சுடுவேன். ஆனா கிராப்பே வேணாம்னு சொல்ற சீனியரை நான் ஒத்துக்க மாட்டேன்.

ரெவிட்_அக்கா:
பில்டிங் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை. எங்களுக்கு கிராப் இல்லாம ஒரு நாள் ஓடாது, ஒரு டவரோட பிளான்ல ஒரு டாய்லெட்டை காட்டணும்னா வேற என்ன பண்றது. ஆனா ரெவிட்ல (எங்க பில்டிங் டிசைன் சாஃப்ட்வேர்) எழுத்து, டைமென்ஷனுக்குன்னு அனோட்டேஷன் கிராப்னு இன்னொரு பெட்டி இருக்கு, டைமென்ஷனோட ஒரு மூலை அதைத் தொட்டாக்கூட போதும், அந்த டைமென்ஷன் மொத்தமா காணாம போயிடும், பாதி வெட்டின மாதிரி தெரிஞ்சாலாவது நமக்கு உறைக்கும், இது சத்தமே இல்லாம போகும். கிராப் லைனை ஒரு மில்லி நகத்துனா கூட நான் டைமென்ஷனை எண்ணிட்டுத்தான் பிரிண்ட் குடுப்பேன்.

புதுசு_டிராஃப்டர்:
எல்லாருக்கும் நன்றி. பெட்டியை அழிச்சிட்டு ஸ்ப்லைன் போட்டு பாத்தேன், ஆனா இப்ப கிராப் பட்டனே மங்கிப் போயி கிடக்கு, அமுக்கவே முடியல. பயந்துட்டு இடையில ஒரு டீடெயில் வியூ போட்டு வெச்சிருந்தேன், அதனாலயா?

அம்பத்தூர்_கேட்:
அதேதான் ப்ரோ. எந்த வியூல இருந்து டீடெயில் எடுத்தாச்சோ அதை கிராப் பண்ண விடாது, டீடெயில் வியூவையும் விடாது, எக்ஸ்ப்ளோடட் வியூவையும் (பாகங்களைப் பிரிச்சுக் காட்டறது) விடாது. அதே வியூவை இன்னொரு தடவை கொண்டு வந்து அதுல கிராப் பண்ணுங்க. அப்புறம் ஸ்ப்லைன் போடறதுக்கு முன்னாடி வியூ ஃபோகஸை லாக் பண்ணிக்கோங்க, இல்லன்னா ஸ்கெட்ச் வியூல ஒட்டாம ஷீட்ல போயி உக்காந்துக்கும், அப்பவும் கிராப் ஆகாது. நான் இதுக்கே ஒரு மத்தியானம் பூரா தலையைப் பிச்சுக்கிட்டேன்.

ஓசூர்_மில்லிங்:
கிராப் பண்ணுங்க, பண்ணாம போங்க, எனக்கு 2வது ஷீட்லயும் 1450ன்னு ஒரு நோட்டு வேணும், முழு பிளேட்டு 1வது ஷீட்ல பாருன்னு ஒரு வரியும் வேணும். எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

அம்பத்தூர்_கேட்:
அரை நிமிஷம் அண்ணே. ஆனா 1450ஐ ரெண்டு எடத்துல எழுதினா நாளைக்கு ரிவிஷன்ல 1500 ஆகும்போது கையால அடிச்ச நோட்டு ஒண்ணு பழசாவே நிக்கும். ஷீட் நம்பரை மட்டும் எழுதச் சொல்லுங்க.

ஓசூர்_மில்லிங்:
அதுவும் சரிதான். நம்பரை கொஞ்சம் பெருசா எழுதச் சொல்லுங்க, எங்க பையன் கண்ணாடி போட மாட்டான்.