ஈவென்ட் லிசனருக்குத் தமிழில் என்ன சொல்வது?

திருச்சியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத் தொடக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். உலாவி (பிரவுசர்), மாறி (வேரியபிள்), செயற்கூறு (ஃபங்ஷன்), நிகழ்வு (ஈவென்ட்) என்று மற்றதற்கெல்லாம் சொல் இருக்கிறது. ஈவென்ட் லிசனரில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

பாடம் எளிமையானது. பக்கத்தில் ஒரு பொத்தான், அதன் கீழே 0. பொத்தானை அழுத்தினால் எண் ஒன்று கூட வேண்டும். கூட்டுகிற வேலைக்கு 'கூட்டு' என்று ஒரு செயற்கூறு, அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடுகிற சிறு நிரல், எழுதுகிறோம். அப்புறம், 'இந்தப் பொத்தானில் கிளிக் நடந்தால் கூட்டு என்பதைக் கூப்பிடு' என்று உலாவியிடம் ஒரே வரியில் சொல்லி வைக்கிறோம். அந்த வரியில் வருவதுதான் ஆட்ஈவென்ட்லிசனர். பழைய கையேட்டில் இதற்கு 'நிகழ்வு கேட்பி' என்று இருந்தது. வகுப்பில் ஒரு மாணவி, "கேட்பி யார்கிட்ட என்ன கேட்கும் டீச்சர்?" என்றாள். நியாயமான கேள்வி. நல்ல சொல்லாகச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து:

அம்மா, அந்தப் பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். கேட்பி இலக்கணத்திலும் நிற்காது. செய்வி, நடப்பி, படிப்பி எல்லாம் பிறவினை. வி, பி இரண்டும் பிறவினை விகுதிகள். அந்த வரிசையில் கேட்பி என்றால் 'பிறரைக் கேட்கச் செய்' என்றாகிவிடும். உலாவி, மாறி, உணரி போல இகர விகுதி சேர்த்தால் 'கேளி' வரும். அது விளையாட்டைக் குறிக்கும் வடசொல்லோடு மோதுகிறது.

'கேள்' சாதாரண வேர் இல்லை. காதால் கேட்பது, வினாவுவது, வேண்டிப் பெறுவது என்று வினையாக விரிகிறது. பெயராக வந்தால் உறவு. கணியன் பூங்குன்றனார் 'யாவரும் கேளிர்' என்றது அந்தப் பொருளில்தான். நம் சொல்லுக்குக் காது கொடுப்பவரே உறவினர், ஆகவே இரண்டும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் துணிபு. இதைத் தனியாகவே எழுதலாம்.

சென்னையிலிருந்து:

ஐயா, உறவு ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்றுதான் இங்கே முக்கியம். வினாவுவதும் காதில் விழுவதும் தமிழில் ஒரே வினை. நிரலிலோ இவை நேரெதிரான இரண்டு முறைகள். 'அழுத்தியாச்சா, அழுத்தியாச்சா' என்று நிரல் சுற்றிச் சுற்றி வினாவுவதற்குப் போலிங் என்று பெயர். யாராவது வந்திருக்கிறார்களா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து பார்ப்பது மாதிரி. லிசனர் என்றால் காலிங் பெல் வைத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பது.

இது வெறும் வசதிக்காக வந்ததும் இல்லை. ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் ஓட்டும். முடிவில்லாமல் சுற்றுகிற வட்டத்துக்குள் அதைக் கேள்வி கேட்க விட்டால் பக்கம் உறைந்துவிடும். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அந்த அழுத்தங்கள் வரிசையில் கிடக்குமே தவிர, எண் மாறாது. பிள்ளைகள் முதல் பாடத்தில் புரிந்துகொள்ள வேண்டியதே இதுதான். கேட்பி என்ற சொல் அதைத் தலைகீழாக்குகிறது.

என் யோசனை, ஈவென்ட் லிசனர் என்றே எழுதிவிடுங்கள். நிரலில் அதைத்தானே தட்டப்போகிறார்கள்.

மதுரையிலிருந்து:

தம்பி, லகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது, டகர மெய்யில் முடியாது. ஒரே தொடரில் இரண்டு வழு. வடசொல்லையே 'வடவெழுத்து ஒரீஇ' எடுக்கச் சொன்னவர் தொல்காப்பியர். பிறசொல் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நம் எழுத்துக்கு வளைந்து வரட்டும் என்றார். வளைத்தால் 'ஈவெண்டு இலிசனர்' என்றாகும். அதை எந்தப் பிள்ளையும் சொல்லாது.

சரி, என் பரிந்துரை: ஒற்றர். குறள் 582-ஐ எடுத்துப் பாருங்கள். 'எல்லார்க்கும் எல்லாம் நிகழ்பவை எஞ்ஞான்றும் வல்லறிதல் வேந்தன் தொழில்.' நிகழ்பவை என்ற சொல்லே அங்கே இருக்கிறது! நிகழ்பவற்றை உடனுக்குடன் அறிவதைப் பற்றி ஓர் அதிகாரமே நம்மிடம் இருக்க, நாம் எங்கே போய்த் தேடுகிறோம்? அஃறிணைக்கு ஏற்ப 'நிகழ்வொற்றி' என்று வைக்கலாம்.

கோவையிலிருந்து:

ஒற்றி என்றால் எங்கள் பக்கம் வீட்டை ஒத்திக்கு விடுவதுதான் ஞாபகத்துக்கு வரும். பத்திரத்தில் இன்றும் எழுதுகிற சொல். 'நிகழ்வு ஏற்பி' சரிப்படுமா பாருங்கள். உயிரியல் பாடத்தில் ஏற்பி ஏற்கெனவே இருக்கிறது. ஐயா பிறவினை என்று தடுப்பார், தெரியும். ஆனால் அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' வழுவல்ல என்று நன்னூலார் சொன்னது இதற்கும் பொருந்தும்.

பெயருக்காக இவ்வளவு தயங்கவும் வேண்டாம். 1995-இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய இந்த மொழிக்கு மோக்கா என்று பெயர். அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட். அந்த டிசம்பரிலேயே ஜாவாஸ்கிரிப்ட். 1997-இல் தரப்படுத்தியபோது ஆவணத்தில் எக்மாஸ்கிரிப்ட். அவர்கள் தயங்காமல் மாற்றினார்கள். நாமும் ஒன்றை வைத்துப் பார்ப்போம், ஒத்து வராவிட்டால் அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். ஒற்றர் எங்கள் வகுப்பறைக்குள் வேண்டாம் ஐயா. காரணத்தை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். எங்கள் பாடநூலில் நீங்கள் சொல்லும் நிரல், செய்நிரல். நிகழ்வு என்றால் இங்கே பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது பரிசளிப்பு விழாவும் பேச்சுப் போட்டியும்தான். அதை ஒரு வரியில் விளக்கிவிடலாம், பெரிய சிக்கல் இல்லை.

செவிமடுத்தல் எங்கள் எழுத்தில் நன்றாகப் பழகிய சொல். அதில் வினாவுதல் என்ற பொருளே கிடையாது. சென்னை நண்பரின் குழப்பம் அதோடு தீர்ந்தது. 'நிகழ்வு செவிமடுப்பி' என்று போடலாம். கடலுக்கு இரு கரையிலும் ஒரே சொல் இருந்தால், எங்கள் பிள்ளைகளும் உங்கள் கையேட்டைத் தடங்கலின்றிப் படிப்பார்கள்.

மதுரையிலிருந்து:

ஒற்றரைத் திரும்பப் பெறுகிறேன் ஐயா. நீங்கள் சொன்னது புரிகிறது. செவிமடுப்பியிலும் அதே 'பி' இருக்கிறது. வெறும் 'செவி' போதும். நிகழ்வைக் கேட்கும் செவி, நிகழ்வுச்செவி. உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ஆகவே சகரம் மிகும். சேர்த்தே எழுத வேண்டும்.

சென்னையிலிருந்து:

செவி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதற்குச் செவி என்று பெயர் வைக்கிறோம்? கேட்டுக்கொண்டிருப்பது உலாவி. தர ஆவணத்தில் லிசனர் என்று குறிப்பது, நாம் உலாவியிடம் ஒப்படைக்கிற 'கூட்டு' செயற்கூற்றை. அது எதையும் கேட்பதில்லை, கூப்பிட்டால் ஓடும்.

வகுப்பில் விழுகிற பெரிய தவறே இங்கேதான். பிள்ளைகள் அந்த வரியில் கூட்டு என்று பெயரை மட்டும் கொடுக்காமல், பின்னால் ஓர் அடைப்புக்குறி சோடியையும் போட்டுவிடுவார்கள். உடனே செயற்கூறு அங்கேயே ஓடிவிடும். பக்கம் திறந்ததும் எண் 1 ஆகியிருக்கும், பிறகு எத்தனை தரம் அழுத்தினாலும் அசையாது. அவர்கள் ஒப்படைத்தது செயற்கூற்றை இல்லை, அது ஓடி முடித்துத் திருப்பித் தந்த மதிப்பை. 'கூட்டு' திருப்பித் தருவது எதுவும் இல்லை என்பதால் உலாவி பிழை என்றும் காட்டாது. நாம் வைக்கிற சொல் 'பெயரைக் கொடு, ஓட்டாதே' என்று ஞாபகப்படுத்த வேண்டும். செவி அதைச் செய்யாது.

கோவையிலிருந்து:

ஹேண்ட்லருக்கு ஏற்கெனவே 'கையாளி' இருக்கிறதே, இதற்கும் அதையே போட்டால் என்ன?

சென்னையிலிருந்து:

கூடாது. ஹேண்ட்லர் என்பது பொத்தானின் ஆன்கிளிக் என்ற இடத்தில் வைக்கிற செயற்கூறு. அங்கே ஒரே ஒரு செயற்கூறுதான் உட்காரும். இரண்டாவதை வைத்தால் முதலாவது போய்விடும். நிரல் பக்கத்தின் உறுப்புகளை அணுகும் முறைக்கு டாம் என்று ஒரு தரம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் டாம் இரண்டாம் நிலைப் பரிந்துரையில் ஆட்ஈவென்ட்லிசனர் வந்தது. அதில் ஒரே பொத்தானுக்குப் பலவற்றைச் சேர்க்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் பழைய உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர், 9-ஆம் பதிப்பு வரும் வரை அதை ஏற்கவில்லை என்பதால், வெகுகாலம் இரண்டு விதமாகவும் எழுத வேண்டியிருந்தது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் பிள்ளைகள் வேறுபாட்டைக் காணமாட்டார்கள்.

திருச்சியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இனியும் தள்ளிப்போட முடியாது என்பதால் முடிவெடுத்துவிட்டேன். 'நிகழ்வுச்செவி' என்று போகிறது, சேர்த்து எழுதி. முதல் முறை வரும் இடத்தில் ஈவென்ட் லிசனர் என்று பக்கத்திலேயே தருகிறோம். ஆன்கிளிக்குக்குக் கையாளி. 'பொத்தானுக்குச் செவி வைத்தல்' என்ற தொடரைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன், உடனே பிடித்துக்கொண்டார்கள். அடைப்புக்குறி விஷயத்தை ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்துவிட்டேன். நிகழ்வு என்ற சொல்லுக்கு இலங்கை வழக்கைச் சுட்டி ஒரு விளக்க வரியும் உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சரி அம்மா. செவி எங்களுக்கும் ஏற்புடையதே. எங்கள் பயிற்சித் தாளில் செவிமடுப்பியையும் அருகில் குறிப்போம்.

சென்னையிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் உடன்படவில்லை. தர ஆவணம் செயற்கூற்றைச் சொல்கிறது, நீங்கள் அதை ஒப்படைக்கிற செயலுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். இரண்டாம் பதிப்பின்போது இதை மறுபடி எடுப்பேன். அடுத்த பாடத்தில், பொத்தானில் நடந்த நிகழ்வு அதன் தாய்ப் பெட்டிக்கும் அதற்கு மேலேயும் ஏறிச் செல்வது வரும். அந்தப் பப்ளிங்குக்கு அவசரத்தில் 'குமிழ்தல்' என்று அச்சேற்றிவிடாதீர்கள். அதைத் தனியாகப் பேசுவோம்.