டயல்-அப்: ஸ்லிப் போதாதா, பிபிபி எதற்கு?

கம்பிக்காரன்: டயல்-அப், அதாவது தொலைபேசிக் கம்பி வழி இணையம், என்றாலே பிபிபிதான் (PPP) என்று எல்லோரும் பேசுகிறார்கள். இணையத்தின் ஐபி பாக்கெட்டுகளைக் கம்பியில் அனுப்ப, அதற்கு முன்னால் இருந்த ஸ்லிப்பே (SLIP) போதும் என்பது என் கட்சி. பாக்கெட் முடிந்தால் 192 என்ற பைட். தரவுக்குள்ளேயே 192 வந்தால் 219, 220 என்று மாற்றி அனுப்பு. 219 வந்தால் 219, 221. நெறிமுறையே அவ்வளவுதான். பிபிபிக்கோ இணைப்பை அமைக்க எல்சிபி, முகவரி வாங்க ஐபிசிபி, கடவுச்சொல் பார்க்க பாப், சாப் என்று ஒரு பட்டாளம் வேண்டும்.

வரிப்பிழை: அந்த 'அவ்வளவுதான்' தானே சிக்கல்! 1988-இல் வந்த, ஸ்லிப்பை விவரிக்கும் ஆர்எஃப்சி 1055 என்ற இணைய ஆவணம், தன் பெயரிலேயே ஸ்லிப்பைத் தரமல்லாத முறை என்கிறது. முகவரிப் பரிமாற்றம், பாக்கெட் வகை, பிழையறிதல், சுருக்கம் எதுவும் இதில் இல்லை என்று அதுவே சொல்லியும் விடுகிறது. லாகின் ஆனதும் சர்வர் 'உங்கள் முகவரி இது' என்று திரையில் எழுதிக் காட்டும். ஸ்கிரிப்ட் அதைப் பொறுக்கியெடுக்க வேண்டும். அந்த வாசகத்தில் ஒரு சொல் மாறினால் ஸ்கிரிப்ட் படுத்துவிடும். பிபிபியில் ஐபிசிபி கேட்டு வாங்கிக்கொள்கிறது.

கம்பிக்காரன்: முகவரி சரி, விடுங்கள். பிழையறிதல் எதற்கு? மோடத்திலேயே வி.42 என்ற பிழைதிருத்த முறை இருக்கிறது, கெட்டதை மறுபடி கேட்டு வாங்கும். பிபிபி அனுப்பும் ஒவ்வொரு கட்டுக்கும் (ஃபிரேம்) 2 பைட் எஃப்சிஎஸ் என்ற சரிபார்ப்பு எண் தண்டம்.

வரிப்பிழை: வி.42 காப்பது மோடத்துக்கும் மோடத்துக்கும் நடுவே மட்டும். மோடத்திலிருந்து கணினிக்கு வரும் கேபிளை யார் பார்ப்பது? அந்தக் கேபிளைக் கவனிக்கும் 16450 என்ற சீரியல் சிப்பில், வந்த பைட்டை வைக்க ஒரே ஒரு இடம். நொடிக்கு 38,400 பிட் வேகத்தில் ஏறக்குறைய 260 மைக்ரோநொடிக்கு ஒரு பைட் வரும். சிபியு வட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு தாமதித்தால் அந்தப் பைட் போச்சு. 16 பைட் தாங்கும் 16550ஏ வந்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது.

கம்பிக்காரன்: போகட்டுமே. பைட் குறைந்தால் பாக்கெட்டின் முன்னால் வரும் ஐபி தலைப்பில் சொன்ன நீளத்தோடு ஒத்துப்போகாது, பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். டிசிபி மறுபடி அனுப்பும்.

வரிப்பிழை: வெறும் ஸ்லிப்பில் சரி. ஆனால் அந்த வேகத்தில் வெறும் ஸ்லிப்பை யார் ஓட்டினார்கள்? வான் ஜேக்கப்சன் சுருக்கம் 40 பைட் டிசிபி/ஐபி தலைப்பை மூன்று முதல் ஐந்து பைட்டாக்கியது. அதில் நீளமே அனுப்பப்படுவதில்லை. முந்தைய பாக்கெட்டின் அதே இணைப்பு என்றால் இணைப்பு எண்ணும் போகாது. எண் மாறிய அந்த ஒரு பாக்கெட் தொலைந்தால், அடுத்து வருபவை வேறொரு இணைப்பின் கணக்கில் ஏறும். எஃப்சிஎஸ் இருந்தால் ஃபிரேம் கெட்டது தெரியும்; புது எண் வரும்வரை எல்லாவற்றையும் கொட்டிவிடலாம்.

நடுவில்வந்தவன்: எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் ('அனுப்பு', 'நிறுத்து' என்று சொல்லும் பைட்டுகள்) உள்ள பாதையில் ஸ்லிப் ஓடவே ஓடாது. அந்தப் பைட்டுகளான 17, 19 இரண்டையும் வழியிலேயே விழுங்கிவிடும். பிபிபியோ 0 முதல் 31 வரை எதையெதை மறைத்து அனுப்புவது என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளும். அப்புறம் மேஜிக் எண், ஒவ்வொரு முனையும் தனக்கென்று தேர்ந்தெடுப்பது. எதிர்முனையில் பிபிபி தொடங்காமல், கட்டளை வாங்கும் ஷெல் உட்கார்ந்திருந்தால், அனுப்பியது அப்படியே எதிரொலிக்கும். தன் எண்ணே திரும்பி வந்ததும் பிபிபி விழித்துக்கொள்ளும். ஸ்லிப் பாவம், ஐபி பாக்கெட்டை ஷெல்லுக்குக் கட்டளையாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கம்பிக்காரன்: பாவப்பட்ட ஸ்லிப் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப்பில் நிரல் ஏற்றும்போது சீரியலில் போவது அதே 192, 219தான். பிபிபி விட்டுப்போன சொத்து என்ன? ஈதர்நெட் மேல் ஓடும் பிபிபிஓஇ! பாக்கெட்டின் உச்ச அளவான 1500 பைட்டை 1492 ஆக்கி, சில தளங்களைப் பாதியில் தொங்கவிட்டதுதான் மிச்சம்.

வரிப்பிழை: இஎஸ்பி8266 எடுத்துக்கொண்டது ஸ்லிப்பின் ஃபிரேம் முறையை மட்டும். உள்ளே போவது ஐபி இல்லை. தரவுக்குத் தனியாகச் செக்சம் போட்டிருக்கிறார்கள், ஏன் என்று யோசியுங்கள். தளங்கள் தொங்கியதற்குக் காரணம், 'பாக்கெட் பெரிது' என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியைத் தடுத்த ஃபயர்வால்கள். அதை பிபிபி தலையில் கட்டாதீர்கள்.

கம்பிக்காரன்: ஃபயர்வால் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பிபிபிஓஇ தலைப்புக்கு 6, பிபிபி வகைப் புலத்துக்கு 2 என்று அந்த 8 பைட்டைத் தின்னாமல் இருந்திருந்தால், ஐசிஎம்பி தேவையே பட்டிருக்காதே?