விஞ்ச் வைத்த இரும்பு பம்பர் இடப்புறம் இறங்குகிறது, தாங்கியின் வெல்டிங் இரண்டாம் முறையாக விரிந்துவிட்டது: உதவி தேவை

ஆனைமலைச் சாரல்
அனைவருக்கும் வணக்கம். என் வண்டிக்குப் பட்டறையில் சொல்லிச் செய்த முன்பக்க இரும்பு பம்பர் மூன்றே வாரத்தில் இடப்புறம் இறங்கிவிட்டது. மாட்டிய அன்று கிரில்லுக்கும் பம்பரின் மேல் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருபுறமும் ஒரே அளவாக இருந்தது. இப்போது இடப்புறத்தில் மூன்று விரல் தாராளமாக நுழைகிறது. பம்பரை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் இடது தாங்கி, பம்பரோடு சேரும் இடத்தில் வெல்டிங் விரிந்து, ஒரு முறை திரும்பப் பற்றவைத்தும் அதே இடத்தில் மயிரிழை போல மறுபடி கோடு விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டி மலைக்கு மேலே போயாக வேண்டும். இன்னும் கனமாகப் பற்றவைத்தால் நிற்குமா, தாங்கியையே மாற்ற வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவை பட்டறை
நண்பரே, என்ன வண்டி, தகடு எத்தனை மில்லிமீட்டர், எந்த வெல்டிங் ராடு போட்டார்கள் என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லை. என் அனுபவத்தில் இப்படிப் பிளக்கும் பத்து வேலைகளில் எட்டு 6013 ராடில் செய்தவையாக இருக்கும். கதவு, கிரில் வேலைக்கு அந்த ராடு நன்றாக உழைக்கும். ஆனால் குலுங்கும் பாரத்தைத் தாங்கும் இடத்துக்கு 7018 ராடை அடுப்பில் உலர்த்தி எடுத்துத்தான் போட வேண்டும். ஈரம் ஏறிய ராடில் போட்டால் மேலே பளபளப்பாகத் தெரிந்தாலும் ஓரத்தில் உள்ளுக்குள் வெடிப்பு விடும். பழைய பற்றைக் கிரைண்டரில் முழுவதும் குடைந்து எடுக்காமல் அதன் மேலேயே பூசியிருந்தால் அது நிற்கவே நிற்காது. முதலில் ராடு என்ன என்று கேட்டுச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை நண்பன்
வெல்டிங்கைப் பார்ப்பதற்கு முன்னால் கேபின் ரப்பர்களைப் பாருங்கள். பம்பர் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், நிற்கிறது. கிரில்லும் பானெட்டும் கேபினோடு சேர்ந்து ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் தேய்ந்தால் இந்த இடைவெளி மாறும். எனக்கு ஒருமுறை இப்படித்தான் ஆனது. முன்பக்க லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) ஒன்று உடைந்திருந்தாலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து பம்பர் இறங்கியதுபோலத் தோன்றும்.

ஆனைமலைச் சாரல்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். வண்டி இசுஸு வி-கிராஸ், 2018. வால்பாறைப் பக்கம் தோட்டத்து வழிகளில் ஓடுவது. 9,500 பவுண்டு இழுக்கும் விஞ்ச் (வடத்தைச் சுற்றி வண்டியை இழுத்தெடுக்கும் மோட்டார்) பம்பருக்குள்ளே இருக்கிறது. ராடு என்ன என்று பட்டறையில் கேட்கிறேன்.

பழைய திருப்புளி
வி-கிராஸின் முன்பக்கத்தில் லீஃப் ஸ்பிரிங்கே கிடையாது; இரட்டை விஷ்போன் கைகளும் சுருள் வில்லான காயில் ஸ்பிரிங்கும்தான். லீஃப் பின்பக்கத்தில் இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் சேஸிஸ், கேபின், பம்பர் மூன்றும் சேர்ந்து இறங்குமே ஒழிய, அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறாது. பதில் எழுதுகிறவர்கள் வண்டியின் அடியில் ஒருமுறையாவது படுத்துப் பார்த்துவிட்டு எழுதினால் கேட்பவருக்குப் பயன்படும். இதைப் பல இழைகளில் சொல்லியாகிவிட்டது.

ரப்பர் தேய்ந்தால் கேபின் கீழே இறங்கும், அப்போது இடைவெளி குறையும். இவருக்கு இடைவெளி கூடியிருக்கிறது. ஆகவே பம்பர்தான் சேஸிஸிலிருந்து இறங்குகிறது.

கேள்வி கேட்டவருக்கு: விரல் கணக்கை விட்டுவிட்டு ஸ்கேல் வைத்து அளந்து, கீழ்க்கண்டவற்றுக்கு முழுமையாகப் பதில் சொல்லுங்கள். பம்பர் தகட்டின் கனம் என்ன, மொத்தப் பரப்பு ஏறக்குறைய எவ்வளவு? தாங்கித் தகடு சேஸிஸின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறதா, இரு பக்கமும் கவ்வுகிறதா? எத்தனை போல்ட், என்ன கிரேடு (உறுதித் தரம்), போல்ட்டுக்குப் போல்ட் எவ்வளவு தூரம்? துளைகள் வட்டமா, நீள்துளையா? சேஸிஸ் பெட்டிக்குள் (உள்ளே வெற்றான சட்டத்துக்குள்) போல்ட்டைச் சுற்றிக் குழாய் வைத்திருக்கிறார்களா? பம்பரின் முன் விளிம்பு போல்ட்டிலிருந்து எவ்வளவு முன்னே நிற்கிறது?

அதோடு ஒரு சோதனை. போல்ட்டுகளை இறுக்கிவிட்டு, தாங்கியின் விளிம்பிலிருந்து சேஸிஸ் வரை குறுக்கே ஸ்கிரைபரால் மெல்லிய கோடு ஒன்று கீறுங்கள். தோட்டத்து வழியில் ஒரு நடை போய்வந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். அது ஒரே கோடாக இருந்தால் போல்ட் நகரவில்லை என்று பொருள். இரண்டாக முறிந்திருந்தால் வெல்டிங்கைப் பற்றிய பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சாலைப் பயணி
யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வண்டிகளில் கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவுக்கு முரண் என்றும், 190, 191 ஆம் பிரிவுகளின் கீழ் அபராதம் விதிக்க வேண்டும் என்றும் மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இந்த பம்பரோடுதானே இவர் ஏறி இறங்குகிறார்? எதிரே நடந்து வருகிறவர் மேல் இந்த இரும்பு பட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நெடுஞ்சாலை நண்பன்
புல் பார் என்பது ஒரிஜினல் பம்பருக்கு முன்னால் கூடுதலாகப் பொருத்துவது. இது பம்பரையே மாற்றியது. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. யானையும் காட்டெருமையும் குறுக்கே வரும் இடத்தில், மழையில் மண் சரிந்த வழியில் வண்டி ஓட்டுகிறவனுக்கு விஞ்ச் ஆடம்பரம் அல்ல.

சாலைப் பயணி
மாற்றியிருந்தால் நிலைமை இன்னும் மோசம் என்பேன். ஒரிஜினல் பம்பரின் உள்ளே இருக்கும் பீமும், மோதும்போது நசுங்குவதற்காகவே வைத்திருக்கும் பகுதியும் போய்விட்டன. ஏர்பேக் எந்த நொடியில் விரிய வேண்டும் என்ற கணக்கு அந்த நசுங்கலை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. நசுங்காத இரும்பை சேஸிஸின் நுனியில் நேரே திருகினால் அதிர்ச்சி முழுவதும் உள்ளே இருப்பவர்களுக்கே வரும். தேவை உண்மையானது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் தேவைக்குச் சட்டம் இடம் தரவில்லை என்பதைக் கேட்பவருக்குச் சொல்லாமல் விடுவது சரியல்ல என்கிறேன்.

பழைய திருப்புளி
சட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி. பொதுச் சாலையில் ஓட்டுவதும் ஓட்டாததும், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வதும் அவர் பொறுப்பு. மேற்கொண்டு அதைத் தனி இழையில் பேசுங்கள். இங்கே ஒரு வண்டியின் நுனியில் ஏறக்குறைய ஒரு குவிண்டால் இரும்பு கழன்று விழும் நிலையில் தொங்குகிறது.

ஆனைமலைச் சாரல்
அளந்துவிட்டேன். தகடு 4 மி.மீ., பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டருக்கு மேல் இல்லை. விஞ்ச் கம்பி வடத்தோடு 38 கிலோ. தாங்கி 6 மி.மீ. தகடு, சேஸிஸின் வெளிப்பக்கத்தில் மட்டும். பக்கத்துக்கு இரண்டு எம்12 (12 மி.மீ.) போல்ட், 8.8 கிரேடு, இரண்டுக்கும் நடுவே 60 மி.மீ. உள்ளே குழாய் எதுவும் இல்லை. இடப்புறம் முன் துளை பொருந்தவில்லை என்று பட்டறையில் கிரைண்டரால் நீட்டியிருக்கிறார்கள். விஞ்ச் இருக்கும் இடம் போல்ட்டுகளிலிருந்து சுமார் 350 மி.மீ. முன்னே. பம்பர் வலப்புறத்தைவிட இடப்புறம் 14 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. கோடு கீறி ஒரு நடை போய்வந்தேன். இடப்புறக் கோடு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் முறிந்திருக்கிறது, வலப்புறம் அப்படியே இருக்கிறது. ராடு 6013தான்.

கோவை பட்டறை
நான் சொன்னேன் அல்லவா? 6013.

பழைய திருப்புளி
ராடு ஒரு குறைதான், ஆனால் காரணம் அதுவல்ல. வெல்டிங் விரிந்ததால் பம்பர் இறங்கவில்லை. போல்ட் நழுவியதால்தான் வெல்டிங் விரிந்தது. கணக்கைப் பாருங்கள்.

4 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 31.4 கிலோ, ஒன்றரைச் சதுர மீட்டருக்கு 47 கிலோ. விஞ்ச் உட்காரும் தட்டையும் தாங்கிகளையும் சேர்த்து 52 கிலோ என்று வைப்போம். விஞ்சோடு 90 கிலோ. அது போல்ட்டிலிருந்து 0.35 மீட்டர் தள்ளித் தொங்குவதால் நின்ற நிலையில் 31.5 கிலோ-மீட்டர் முறுக்கு (கிலோவை மீட்டர் தூரத்தால் பெருக்கியது). குழியில் இறங்கி எழும்போது மூன்று மடங்கு என்று கொண்டால் 94.5, ஒரு பக்கத்துக்கு 47. இந்த முறுக்கை 60 மி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு போல்ட்டுகள்தான் தடுத்தாக வேண்டும் என்பதால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் 790 கிலோ வருகிறது. சரியாக இறுக்கிய 8.8 கிரேடு எம்12 போல்ட் சுமார் 3,900 கிலோ அழுத்தத்தோடு கவ்வும். பெயின்ட் அடித்த பரப்பில் உராய்வு 0.15 என்றால் நழுவாமல் தாங்குவது 580 கிலோதான். வலப்புறம் துளை வட்டமாக இருந்ததால் போல்ட்டின் உடம்பு முட்டி நின்றுவிட்டது. இடப்புறத்தில் முட்டுவதற்கு விளிம்பே இல்லை. 350 மி.மீ. முன்னே 14 மி.மீ. இறங்குவதற்கு, 60 மி.மீ. இடைவெளியில் வெறும் 2.4 மி.மீ. நழுவினால் போதும். நீட்டிய துளை அந்த இடத்தைக் கொடுத்துவிட்டது. ஒரு பக்கம் நழுவி மறுபக்கம் நிற்கும்போது பம்பர் முழுவதும் முறுகுகிறது. அந்த முறுக்கு வெல்டிங்கின் மேல் முனையில் போய்ச் சேர்ந்து கோடாக விழுகிறது. எந்த ராடு போட்டிருந்தாலும் சில மாதம் தள்ளி அதுவே நடந்திருக்கும்.

செய்ய வேண்டியது இது. தாங்கியைப் பின்னோக்கி நீட்டி, போல்ட்டுகளின் இடைவெளியை 150 மி.மீ. ஆக்குங்கள், 790 கிலோ 315 ஆகிவிடும். நடுவே மூன்றாவது போல்ட் ஒன்று போடுங்கள். அனைத்தும் 10.9 கிரேடு, வட்டத் துளை. சேஸிஸ் பெட்டியின் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டிய கனமான குழாய்த் துண்டு ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ளே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் இறுக்க இறுக்கப் பெட்டியின் சுவர் உள்ளே அமுங்குமே தவிர, போல்ட்டில் இறுக்கம் நிற்காது. சேஸிஸின் உட்பக்கத்திலும் ஒரு தகடு வைத்து இரு பக்கமும் கவ்வச் செய்தால் உராய்வுப் பரப்பு இரட்டிப்பாகும். சேஸிஸில் எதையும் பற்றவைக்காதீர்கள்.

கோவை பட்டறை
போல்ட் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வெல்டிங்கை அப்படியே விட முடியாது, ஞாயிற்றுக்கிழமை அதுதான் அவரைக் காப்பாற்ற வேண்டும். விரிசலின் இரு நுனியையும் தேடிப் பிடித்து, நுனிகளில் சிறு துளை போட்டு, நடுவே உள்ள பழைய பற்றை முழுவதும் குடைந்தெடுத்து 7018 போடச் சொல்லுங்கள். தாங்கியின் மூலை வரை பற்றைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தக் கூடாது. வெடிப்பு அங்கேதான் பிறக்கும். மூலையைச் சுற்றி வளைத்து முடிக்க வேண்டும். தாங்கிக்கும் பம்பரின் பின் தகட்டுக்கும் மேல்பக்கம் ஒரு முக்கோணத் தகடு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் தொங்கும் பாரத்தில் இழுபடுவது மேல்பக்கம். பக்கவாட்டு ஆட்டத்துக்கு இரண்டு தாங்கிகளையும் இணைத்துக் குறுக்கே ஒரு சதுரக் குழாய் போடலாம். ஜிஐ குழாய் கையில் இருக்கிறது என்று அதைப் போட விடாதீர்கள். துத்தநாகப் பூச்சைச் சுரண்டாமல் பற்றவைத்தால் பற்றும் நிற்காது, அந்தப் புகையை இழுத்தவருக்கு இரவு காய்ச்சல் வரும்.

மண்வாசம்
எல்லோரும் தாங்கியைப் பார்க்கிறீர்கள். நான் கேட்பது வேறு: இழுக்கும் கயிற்றின் ஷாக்கிளை (முள் போட்டு மூடும் இரும்பு வளையம்) மாட்டும் காதுகள் எங்கே இருக்கின்றன? பம்பரின் முகத் தகட்டில் வெளியே ஒட்டவைத்திருந்தால், அந்த 4 மி.மீ. தகடுதான் வண்டி முழுவதையும் இழுக்கப் போகிறது. 4.75 டன் ஷாக்கிளின் முள் 22 மி.மீ.; அதற்கேற்ற காது 20 மி.மீ.க்குக் குறையாத தகடாக, முகத் தகட்டை ஊடுருவிப் பின்னால் சேஸிஸ் தாங்கியோடு சேர்ந்திருக்க வேண்டும். விஞ்ச் தட்டுக்கும் இதே விதிதான். வழக்கமான 254க்கு 114 மி.மீ. நான்கு துளை அமைப்பில் விஞ்சை முடுக்கியிருப்பார்கள், ஆனால் அந்தத் தட்டின் பாரம் முகத் தகட்டுக்குப் போகிறதா, தாங்கிக்குப் போகிறதா என்று படுத்துப் பாருங்கள். 4.3 டன் இழுக்கும் பொருள் அது. காது பிய்ந்தால் வடத்தின் நுனியில் இரும்புத் துண்டோடு பறந்து வரும். அதன் எதிரே நிற்பவர் தோட்டத் தொழிலாளியாகத்தான் இருப்பார். கம்பி வடத்தைச் செயற்கை இழை வடமாக மாற்றினால் நுனியில் சில கிலோ பாரமும் குறையும், அறுந்தாலும் அவ்வளவு வேகமாக அடிக்காது.

நெடுஞ்சாலை நண்பன்
லீஃப் ஸ்பிரிங் என்று எழுதியது என் தவறு. என் பழைய வண்டியை நினைத்து எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பம்பரைத் திரும்ப மாட்டும்போது கிரில்லுக்கு நடுவே 15 முதல் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். கேபின் ரப்பர் மேல் ஆடும்போது இரும்பில் போய் இடிக்கக் கூடாது. விஞ்ச் ரேடியேட்டருக்கு நேரே இருந்தால் ஏற்றத்தில் சூடு ஏறுகிறதா என்றும் கவனியுங்கள்.

ஆனைமலைச் சாரல்
தாமதத்துக்கு மன்னிக்கவும், மேலே சிக்னல் இல்லை. இடப்புறப் போல்ட்டுகளைக் கழற்றியபோது வாஷரின் அடியில் சேஸிஸ் சுவர் கிண்ணம்போல 2 மி.மீ. உள்ளே அமுங்கியிருந்தது. வேறு பட்டறையில் தாங்கியை நீட்டி, மூன்று போல்ட், உள்ளே குழாய், மேலே முக்கோணத் தகடு, 7018 என்று சொன்னபடியே செய்தார்கள். ஞாயிறு போகவில்லை, புதன்தான் போனேன். எட்டு நடைக்குப் பின்னும் கீறிய கோடு முறியவில்லை. இடைவெளி இருபுறமும் 18 மி.மீ. அனைவருக்கும் நன்றி.

மண்வாசம்
நல்ல செய்தி. ஷாக்கிள் காதுகளை என்ன செய்தீர்கள் என்று சொல்லவில்லையே?

மண்வாசம்
நண்பரே, பத்து நாளாகிவிட்டது. காதுகள் இன்னும் முகத் தகட்டில்தான் இருக்கின்றன என்றால், அவற்றை வெட்டி எடுக்கும் வரை அந்த பம்பரில் யாரையும் கயிறு மாட்ட விடாதீர்கள்.