மல்லாட்டை முற்றியதா இல்லையா: நீங்கள் நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

அணைக்கட்டுக்காரர்
பக்கத்து நிலத்தில் நடந்தது, இன்னும் மனதை அறுக்கிறது. ஆடிப்பட்டத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. இலை பழுத்துக் கொட்டியதும் முற்றிவிட்டது என்று ஆள் கூப்பிட்டுவிட்டார் நிலத்துக்காரர். காய் ஆய வந்த பாட்டி முதல் செடியைப் பிடுங்கி மண்ணை உதறினார். ஒரு காயைப் பிளந்து, பருப்பைத் தள்ளிவிட்டு, ஓட்டின் உட்புறத்தைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார். வெள்ளை வெளேர் என்று பஞ்சாக இருந்தது. "காய் முற்றவில்லை சாமி, செடிக்குத்தான் நோய்" என்றார். கீழே கிடந்த இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கக் கரும்புள்ளி, டிக்கா என்னும் இலைப்புள்ளி நோய். வந்த ஆட்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் மொத்தமும் பிடுங்கினார்கள். களத்தில் காய்ந்த பிறகு அள்ளிப் பார்த்தேன், கனமே இல்லை. உள்ளே பருப்பு தோல் சுருங்கிக் கிடந்தது.

குடியாத்தத்திலிருந்து
எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். காய் முற்றி ஓடு உள்ளே கறுத்துவிட்டது, பருப்பும் நல்ல ரோஜா நிறம். ஆனால் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் அறுவடை என்பதால் ஆள் கிடைக்கவில்லை. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் செடியை இழுத்தால் வெறும் காம்புதான் கையோடு வந்தது, காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. அம்மா களைக்கொத்தால் கிளறி எடுத்த முதல் காயின் மூக்கில் வெள்ளை முளை நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் தூக்கிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. எங்களுடையது டி.எம்.வி. 7 என்ற கொத்து ரகம், படராமல் நிமிர்ந்து வளர்வது. கொத்து ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் (முற்றிய விதை சில நாள் முளைக்காமல் கிடப்பது) அவ்வளவாகக் கிடையாது, முற்றிய காயில் ஈரம் பட்டால் நிலத்திலேயே முளைத்துவிடும்.

கே.வி.குப்பம் பக்கம்
அணைக்கட்டு அண்ணா, இலையையே பார்க்க வேண்டாம் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள், அதை ஏற்க முடியாது. நோயில்லாத செடியில் அடி இலை பழுப்பதும் நுனி வளர்ச்சி நிற்பதும் சரியான அடையாளம்தான். அதைப் பார்த்த பிறகு காயை உடைக்க வேண்டும். நான் கண்டது சின்ன விஷயம்: என் மாமா 105 நாள் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார், அந்த நாளில் உடைத்த காயில் பாதி பால்காய்.

நாள் கணக்கு ரகத்தைப் பொறுத்தது. டி.எம்.வி. 7க்குச் சரியாக வரும் கணக்கைக் கதிரி லேபாக்ஷி ரகத்துக்குப் போட்டால் தவறிவிடும், அது கூடுதல் நாள் கேட்கும். நடுவில் மழை பொய்த்து செடி வாடி நின்றிருந்தாலும் நாள் தள்ளும். ஆகவே கணக்குப்படி நாள் நெருங்கும்போதே பிடுங்கிப் பார்க்கத் தொடங்குங்கள். ஒரு செடி போதாது, நிலத்தின் நாலைந்து இடத்தில் எடுத்து எல்லாக் காயையும் உடையுங்கள். நூற்றுக்கு 75 காயில் உட்புறம் பழுப்போ கறுப்போ ஏறியிருந்தால் ஆள் சொல்லுங்கள். எல்லாக் காயும் முற்றட்டும் என்று காத்திருந்தால் முதலில் பிடித்த காய் காம்பு இற்று மண்ணில் நின்றுவிடும். இறவை நிலம் இறுகியிருந்தால் லேசாகத் தண்ணீர் விட்டுப் பிடுங்குங்கள். ஆய்ந்த காயை ஈரத்தோடு குவிக்கவே கூடாது, பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் நஞ்சு வந்துவிடும். குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும், அதுவரை காய வையுங்கள்.

ஆரணி
நாலைந்து இடம் என்பது சரி, ஆனால் வரப்போரச் செடியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எங்கள் சித்தப்பா நிலத்தில் வரப்போரம் காய் கறுத்திருந்தது, நடுவில் பள்ளத்தில் இருந்த செடியில் ஓடு இன்னும் வெள்ளை. வரப்போர மேட்டை மட்டும் முதலில் பிடுங்கச் சொல்லிவிட்டு, பள்ளத்தை அடுத்த வாரத்துக்கு விட்டார் சித்தி. ஆள் கூலி இரண்டு முறை ஆகிறதே என்று வீட்டில் பெரிய சண்டை. பள்ளத்துக் காயைத்தான் வியாபாரி முதலில் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தார், விலையில் எதுவும் குறைக்கவில்லை.