தையல் மெஷின் டென்ஷனுக்குத் தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

ஏற்காட்டிலிருந்து, தையல் ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே எஸ்டேட் வீட்டுப் பெண்களுக்குச் சனி, ஞாயிறு தையல் வகுப்பு எடுக்கிறேன். மெஷின் மக்கர் பண்ணினால் எதை முதலில் பார்ப்பது என்று ஒரே ஒரு தாள் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுக்க எண்ணம். வியாழக்கிழமை சேலத்தில் அச்சகத்துக்குப் போக வேண்டும். எல்லாம் எழுதியாகிவிட்டது. ஒரு சொல்லில் நிற்கிறது: டென்ஷன். தைக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கமாக வருகிறது என்பதுதான் அது.

அப்படியே எழுதிவிட்டுப் போங்களேன் என்பீர்கள். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் ரவிக்கைத் துணி அடித்துக்கொண்டிருந்தாள். துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு, அச்சு அசல் குருவிக்கூடு. பக்கத்தில் இருந்தவள் “டென்ஷன் சரியில்லடி” என்றாள். அவ்வளவுதான், இவள் பாபின் கேஸை (கீழ்நூல் சுற்றிய பாபின் உட்காரும் கூட்டை) வெளியே எடுத்து, அதில் கீழ்நூலை இறுக்கும் குட்டித் திருகாணியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டாள். சிக்கல் அடியில் தெரிந்தால் தப்பும் அடியில்தான் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. தப்பு மேலே. துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டே மேல்நூல் கோத்திருக்கிறாள். ஃபுட் இறங்கியிருந்தால், மேல்நூலை நெரிக்கும் இரண்டு வட்டத் தட்டும் ஒட்டிக்கொள்ளும். நூல் நடுவில் புகாமல் மேலாகவே நழுவிப் போகும். ஃபுட்டைத் தூக்கி வைத்துப் புதிதாகக் கோத்தேன், கூடு போயிற்று. திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரத்தான் அரை மணி நேரம் ஆனது.

ஆகவே எனக்கு வேண்டியது, கேட்டவுடன் கை திருகாணிக்குப் போகாத ஒரு சொல்.

அஸ்தம்பட்டியிலிருந்து, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது அம்மா? இழுவிசை. பரப்பு இழுவிசை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பார்கள். மேல் இழுவிசை, கீழ் இழுவிசை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் இரு நூலும் பின்னும் இடம் துணியின் நடுக்கனத்தில் விழும். மேலே அதிகமானால் கீழ்நூல் புள்ளி புள்ளியாக மேலே தலைகாட்டும். மேலே குறைந்தால் மேல்நூல் அடியில் கண்ணி கண்ணியாகத் தொங்கும். ஒரே படம் போட்டு விளக்கிவிடலாம்.

தாரமங்கலத்திலிருந்து, புலவர்:

இழுவிசை வினைத்தொகை. இழுத்த விசை, இழுக்கின்ற விசை, இழுக்கும் விசை என்று முக்காலத்துக்கும் விரியும். சரி, இழுப்பது யார்? தட்டு இழுக்கவில்லை, நெரித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. இழுப்பது மெஷின் முன்னால் நூலோடு மேலும் கீழும் போய்வரும் அந்தக் கொக்கி. எழுவாய் இல்லாத விசையை மாணவிகள் எங்கே தேடுவார்கள்?

பழைய சொல் ஒன்று இருக்கிறது: விசித்தல். வாரை இழுத்து இறுகக் கட்டுவது. புறநானூறு 50-ஆம் பாட்டே முரசைப் பற்றி “மாசற விசித்த வார்புறு வள்பின்” என்றுதான் தொடங்குகிறது. மோசிகீரனார் அறியாமல் முரசுகட்டிலில் படுத்துத் தூங்கிவிட, பெருஞ்சேரல் இரும்பொறை நின்று கவரி வீசிய கதை தெரியும் அல்லவா? அவன் தகடூர் எறிந்தவன், அதாவது வென்றவன். தகடூர் நமக்கு அடுத்த வீடு, இன்றைய தர்மபுரி. நம் வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. என் பரிந்துரை: நூல் விசிப்பு. விசை என்ற சொல்லே விசியிலிருந்து வந்திருக்கும் என்பது என் துணிபு.

அஸ்தம்பட்டி:

விசியிலிருந்து விசை என்பதற்கு ஐயா ஆதாரம் காட்டட்டும். துணிபு ஆதாரம் ஆகாது. “விசிப்பு” என்று படித்த பெண் இரும்பொறையைப் போல மெஷினுக்கு விசிறப் போகிறாள், அவ்வளவுதான்.

அம்மாபேட்டையிலிருந்து:

நாங்கள் மூன்று தலைமுறையாகத் தறிக்காரர்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு, தறியில் உட்கார்ந்தால் தமிழும் தெலுங்கும் கலந்து வரும். அதனால் தனித்தமிழ்ச் சண்டைக்கு நான் வரவில்லை. தறியில் பாவு (நீளவாட்டு நூல்) “தொய்வா இருக்கு”, “பிகுவா இருக்கு” என்போம். பிகு என்றால் இறுக்கம், நல்ல சொல். அளவோடு இருந்தால் நெசவு ஒழுங்காக வரும், மிஞ்சினால் இழை அறும். ஆனால் பிகு பண்ணுகிறாள் என்று வேறொரு பொருளும் இருப்பதால் வகுப்பில் சிரிப்பார்கள்.

கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: பாபினுக்குத் தார் என்று போடுங்கள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் ஊடைநூல் சுற்றி வைப்பது தார்தானே? பாபின் செய்வதும் அதே வேலை.

புலவர்:

தார்! அதே பாட்டின் மூன்றாம் அடியில் “ஒண்பொறி மணித்தார்” வருகிறது. அங்கே அது மாலை.

ஏற்காடு:

ஐயா, இங்கே தார் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் ஊற்றியதுதான் ஞாபகம் வரும். இல்லாவிட்டால் வாழைத்தார். பாபின் பாபினாகவே இருக்கட்டும். நாள் இரண்டுதான் பாக்கி.

சேலம் குகையிலிருந்து, டெய்லர்:

படிப்பு அதிகம் இல்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையில் நாங்கள் “நூலுக்குப் பிடிப்பு இல்லை” என்போம், “பிடிப்பு ஜாஸ்தி” என்போம். தட்டு இரண்டும் நூலைப் பிடிக்கிறது, பாபின் கேஸில் பட்டை ஸ்பிரிங் பிடிக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

டீச்சர் தாளில் இதையும் சேருங்கள். மலையில் பனி அதிகம், மெஷினை மூடாமல் விட்டால் தட்டு துரு ஏறும், பஞ்சும் அடையும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு, மெல்லிய துணி விளிம்பைத் தட்டுக்கு நடுவே விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் அழுக்கு வந்துவிடும். கீழ்ப்பிடிப்பு பார்க்க பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாக ஒரு சுண்டு சுண்ட வேண்டும். ஒரு விரக்கடை (விரல் அகலம்) இறங்கி நின்றால் சரி. சரசரவென்று தரைக்குப் போனால் லூஸ், அசையவே இல்லை என்றால் டைட். அப்போதுதான் திருகாணி, அதுவும் கால் சுற்றுக்குள். வெண்பட்டு ரவிக்கை தைக்கும்போது 16-ஆம் நம்பர் தடி ஊசியோடு வந்து சுருக்கம் விழுகிறது என்பார்கள். மெல்லிய 11 போட்டாலே பாதி சரியாகிவிடும். அதற்கும் டென்ஷனைத்தான் திட்டுவார்கள்.

புலவர்:

பிடிப்பு என்றால் இடுப்புப் பிடிப்பு, வாயுப் பிடிப்பு. தைலம் விற்கிற தாளா இது?

அஸ்தம்பட்டி:

இந்த ஒருமுறை புலவர் ஐயாவோடு உடன்படுகிறேன், காரணம் வேறு. பிடிப்பால் உண்டாவது உராய்வு. உராய்வால் நூலில் உண்டாவது இழுவிசை. காரணத்தின் பெயரைக் காரியத்துக்கு வைக்கிறீர்கள்.

புலவர்:

அதற்கு இலக்கணத்தில் தடை இல்லையே! காரணத்தின் பெயர் காரியத்துக்கு ஆவது கருவியாகுபெயர். நன்னூலே ஒத்துக்கொள்கிறது. என் மறுப்பு பொருள் மயக்கம் பற்றியது, ஆகுபெயர் பற்றியது அல்ல.

அம்மாபேட்டை:

“நூல் பிடித்தாற்போல” என்கிறோமே, அது எந்தப் பிடிப்பு?

புலவர்:

அது தச்சர் நூல். நன்னூல் பாயிரத்தில் “மரத்தின் கனக்கோட்டம் தீர்க்குநூல்” என்று வருமே, அது. இரு முனையிலும் இழுத்துப் பிடித்தால்தான் கோடு நேராக விழும், தொய்ந்தால் கோணல். ஆகா, அதுவும் இதேதான் போலிருக்கிறது. ஆனாலும் நான் விசிப்பை விட்டுக்கொடுக்கவில்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

(இதற்குப் பிறகு நூல் என்றால் முதலில் இழையா, ஏடா என்று பதினோரு மடல்கள் வந்தன. அவற்றை நான் படிக்கவில்லை. — ஏற்காடு)

ஏற்காடு, புதன் இரவு:

எண்ணிப் பார்த்தேன். பிடிப்புக்கு நான்கு பேர், இழுவிசைக்கு இரண்டு பேர், விசிப்புக்குப் புலவர் ஐயா. நூல் பிடிப்பு என்றே போடுகிறேன். தலைப்பில் மட்டும் பக்கத்தில் டென்ஷன் என்று சின்ன எழுத்தில் இருக்கும், கடைக்குப் போய்க் கேட்டால் அவர்களுக்குப் புரிய வேண்டுமே.

தாளின் முதல் வரி இப்போது இப்படி: “திருகாணியைத் தொடாதே. ஃபுட்டைத் தூக்கி, மேல்நூலை உருவிவிட்டுப் புதிதாகக் கோத்துப் பார்.” நாலு நாள் சண்டை போட்ட சொல் அந்த வரியில் வரவே இல்லை. இப்போதுதான் கவனித்தேன்.

ஏற்காடு, வெள்ளி:

அச்சகத்தில் “நூல் படிப்பு” என்று மூன்று இடத்தில் அடித்திருந்தார்கள். இரண்டைத் திருத்திவிட்டேன். மூன்றாவதை அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன்.

புலவர்:

அது நல்ல சொல். இருக்கட்டும்.

அஸ்தம்பட்டி:

எல்லாம் சரி. எண் போட்ட மெஷினில் டயலை 4-இல் வைக்கச் சொல்லியிருக்கிறீர்களே, அந்த 4 எதன் அளவு? பிடிப்பா, இழுவிசையா?